ஹவாய்க்குப் போகிற கப்பல் என்செனாடாவில் ஏன் நிற்கிறது?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். மகன் லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கிறார். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பச்சியையும் ஆத்தாவையும் பதினாறு நாள் ஹவாய்க் கப்பலில் அனுப்ப டிக்கெட் போட்டுவிட்டாராம். வந்த அட்டவணையில் ஹவாய்த் தீவுகள் நான்கும் இருக்கின்றன; போக வரக் கடல் நாட்கள் இருக்கின்றன; கடைசிக்கு முதல் நாள் மட்டும் 'என்செனாடா, மெக்சிகோ, மாலை 4 முதல் 8 வரை' என்று ஒரு வரி. ஆச்சி கேட்பது மூன்று. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஊரில் போய் என்ன பார்ப்பது, அந்த நேரத்தையும் ஹவாயிலேயே கழித்தால் என்ன? ஹொனலுலுவில் சின்னம்மா மகள் வீடு இருக்கிறது, அங்கேயே இறங்கிக்கொண்டு விமானத்தில் திரும்பலாமா? நம்மூர்க் கப்பல்களுக்கும் இப்படி ஏதாவது தொல்லை உண்டா?

பதினெட்டு வருஷம் கப்பல்களில் பர்சர் ஆபீஸில், அதாவது பயணிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கும் இடத்தில், உட்கார்ந்தவன் நான். இந்த மூன்று கேள்விகளையும் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. இப்போது காரைக்குடியில் பட்டாலையில் சாய்ந்துகொண்டு சாவகாசமாகப் பதில் எழுத முடிகிறது.

முதல் கேள்விக்கு விடை 1886-இல் இருக்கிறது, ஆச்சி. அந்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட பயணிக் கப்பல் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கும் வேலையை அமெரிக்கக் கப்பல்தான் செய்யவேண்டும். அமெரிக்கக் கப்பல் என்றால் வெறும் கொடி போதாது. அங்கேயே கட்டியிருக்கவேண்டும், உடைமையாளர் அந்நாட்டவராக இருக்கவேண்டும், மாலுமிகளிலும் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களாக இருக்கவேண்டும். உங்கள் மகன் பதிவுசெய்த கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று எங்காவது பதிந்திருக்கும். பின்பக்கம் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டியது இத்தாலியிலோ ஜெர்மனியிலோ பின்லாந்திலோ. வேலை செய்பவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா. என்னைப்போலச் சிவகங்கைச் சீமைக்காரனும் ஒன்றிரண்டு பேர் இருப்பான்.

அப்படிப்பட்ட அயல்நாட்டுக் கப்பல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆளை ஏற்றி, ஹவாய் சுற்றிக் காட்டி, மறுபடி லாஸ் ஏஞ்சலிஸில் இறக்கலாம். ஆனால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டிருக்கவேண்டும். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே இரண்டாயிரத்துச் சொச்சம் கடல் மைல். அந்த நீரில் ஒரு பொட்டு நிலம் கிடையாது. அதனால் எல்லையைத் தாண்டினால் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் என்செனாடாவில் போய்க் கயிறு கட்டுகிறார்கள். சட்டத்துக்குக் காட்டவேண்டியது கப்பலின் வரவை. நீங்கள் இறங்கினீர்களா, அறையிலேயே படுத்துக்கொண்டீர்களா என்பது உங்கள் இஷ்டம். ஹவாயில் கூடுதலாக ஒரு நாள் நின்றாலும் இந்த நாலு மணி நேரத்தைத் தவிர்க்க முடியாது.

தொடாமல் வந்தால் என்ன ஆகும்? அபராதம். 1886-இல் தலைக்கு 2 டாலராக இருந்தது 1898-இல் 200 டாலர் ஆயிற்று. விலைவாசியோடு ஏறி ஏறி இப்போது 800 டாலருக்கு மேல் போய்விட்டது. இரண்டாயிரம் பேர் ஏறிய கப்பல் என்றால் பதினாறு லட்சம் டாலருக்குக் குறையாது. அதைவிட மெக்சிகோக்காரனுக்குத் துறைமுகக் கட்டணம் கட்டிவிட்டுப் போவது எவ்வளவோ மலிவு. கணக்குப்பிள்ளை மூளை உள்ள நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தச் சட்டம் தீவுப் பயணங்களை எப்படியெல்லாம் வளைத்திருக்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஃபேனிங் தீவு. 2001 கடைசியில் நார்வீஜியன் குரூஸ் லைன் கம்பெனி, ஹொனலுலுவிலிருந்தே கிளம்பி ஹொனலுலுவுக்கே திரும்பும் ஏழு நாள் பயணம் ஒன்றை ஆரம்பித்தது. கப்பலோ அயல்நாட்டுக் கொடி. வெளிநாட்டு மண்ணைத் தொட்டாகவேண்டும். ஹவாயிலிருந்து மிக அருகில் இருக்கும் வெளிநாடு எது என்று தேடினால் கிரிபாட்டி நாட்டின் ஃபேனிங் தீவு. உள்ளூர்ப் பெயர் தபுவாரன். நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, தெற்கே ஆயிரம் கடல் மைல். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஏழு நாளில் நான்கு நாள் இதற்கே போயிற்று. தென்னை மரமும் மணலும் நடுவே உப்பங்கழியும்தான் அங்கே. பெரிய கப்பல் அணையத் துறைமேடை கிடையாது. நங்கூரம் போட்டுப் படகில் ஆளை இறக்கி, மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தத் தீவு மக்களுக்கு வாரம் ஒருமுறை இரண்டாயிரம் விருந்தாளி வந்தது ஒரு பழைய சட்டத்தின் புண்ணியம். அந்தத் தடத்தைக் கம்பெனி நிறுத்தியதும் விருந்தாளிகளும் நின்றுபோனார்கள்.

அதே கம்பெனி பிறகு வேறு வழி கண்டது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலாவில் ஒரு கப்பல் பாதி கட்டிய நிலையில் கிடந்தது. கட்டச் சொன்ன நிறுவனம் 2001-இல் திவாலாகிவிட்டது. அந்தப் பாதி உடம்பை வாங்கி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜெர்மனியின் பிரெமர்ஹாபனுக்கு இழுத்துப்போய் முடித்தார்கள். வெளிநாட்டில் முடித்த கப்பலை அமெரிக்கக் கப்பலாக ஏற்றுக்கொள்ள நாடாளுமன்றத்தில் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. 2004 ஜனவரியில் புயல் அடித்து, கட்டுமிடத்திலேயே பாதி மூழ்கிப்போனது. ஜாதகம் பார்த்தவன் யாரோ தெரியவில்லை! எல்லாம் தாண்டி 2005-இல் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரில் ஹவாய்க்கு வந்து, இன்றும் வாரா வாரம் நான்கு தீவுகளைச் சுற்றுகிறது. என்செனாடா கிடையாது, ஃபேனிங் கிடையாது, கடல் நாளே கிடையாது. கூடவே கொண்டுவந்த இன்னும் இரண்டு கப்பல்களை 2008-இல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்கச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஹவாய் மாநிலத்தில் சூதாட்டத்துக்கு இடமில்லை என்பதால் அந்தக் கப்பலில் கேசினோவும் கிடையாது. சீட்டுக்கட்டு பிடித்தவர்கள் அயல்நாட்டுக் கப்பலைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கும் கரையை விட்டுப் போதுமான தூரம் விலகிய பிறகுதான் கேசினோவையும் வரியில்லாக் கடையையும் திறப்பார்கள். கடல் நாள் அதிகம் இருந்தால் கம்பெனிக்கு ஏன் வருத்தமில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி. ஹொனலுலுவில் இறங்கிக்கொள்ளலாமா? கூடாது ஆச்சி. பகலில் சின்னம்மா மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கப்பல் கிளம்புவதற்குள் திரும்பலாம். பெட்டியோடு இறங்கிவிட்டால், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹொனலுலுவுக்கு ஒரு பயணியை அயல்நாட்டுக் கப்பல் கொண்டுபோய் இறக்கியது என்று ஆகிவிடும். அபராதம் கப்பலுக்கு, கப்பல் அதை உங்கள் தலையில் கட்டும். பயண ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அது இருக்கும்.

இப்படித்தான் ஒருமுறை, ஹீலோ என்ற துறைமுகத்தில், காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வேட்டியில்லை, பைஜாமா, ஆனால் முகம் நம்மூர் முகம். சூரத் பக்கம். தம்பிக்கு உடம்பு சரியில்லை, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்றார். கையில் பெட்டி தயார். தம்பி இருப்பது மவுய் தீவில். நான் விதியைச் சொன்னேன். 'காசு கொடுத்தது நான், பாதியில் இறங்குவதால் உங்களுக்கு என்ன நஷ்டம்?' என்றார். நியாயமான கேள்வி. 1886-இல் யாரோ படகு முதலாளிகளுக்காகப் போட்ட சட்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? துறைமுக ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, மருத்துவ அவசரம் என்றால் சுங்கத்துறை தனியாகப் பரிசீலிக்கும், ஆனால் நோயாளி பயணியாக இருக்கவேண்டும், தம்பி கணக்கில் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு, பெரியவரை உட்காரவைத்து டீ கொடுத்தேன். மறுநாள் கப்பல் மவுய்க்கே போகிறது என்று அட்டவணையைக் காட்டியதும்தான் பெட்டியைக் கீழே வைத்தார். பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து ஏறிக்கொண்டார்.

ஹொனலுலுவில் இறங்கியே தீரவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஏறி ஹொனலுலுவில் முடியும் ஒருவழிப் பயணங்கள் வருஷத்தில் சில கிடைக்கும். பருவம் மாறும்போது அலாஸ்காவில் ஓடிய கப்பல்கள் இடம் பெயரும் நேரத்தில். ஏறும் இடம் வெளிநாடு ஆகிவிட்டதால் சட்டம் தொடாது. கனடா விசா தனியாக எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் வேறு, இரண்டும் அமெரிக்கா என்றால் விதி இன்னும் இறுகும். பக்கத்து மெக்சிகோவைத் தொட்டால் போதாது. 'தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம்' ஒன்றைத் தொடவேண்டும். வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, பஹாமாஸ், கரீபியத் தீவுகள் எதுவும் தூரத்துக் கணக்கில் சேராது. அரூபா, பொனேர், குராசாவ் என்ற மூன்று தீவுகளை மட்டும் தென் அமெரிக்காவோடு சேர்த்துவிட்டார்கள். புளோரிடாவில் ஏறிப் பனாமா கால்வாய் வழியாகக் கலிபோர்னியாவில் இறக்கும் கப்பல்கள் கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலோ அரூபாவிலோ தவறாமல் நிற்பது அதனால்தான். அழகான ஊர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணையில் அவற்றை எழுதிய பேனா வக்கீலுடையது. போர்ட்டோ ரிக்கோவுக்கு மட்டும் 1984 முதல் விலக்கு இருக்கிறது.

சட்டம் எவ்வளவு கெட்டி என்று கொரோனா காலத்தில் தெரிந்தது. கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியதும், சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் தடமே நின்றுபோனது. நடுவில் தொட வெளிநாடு இல்லையே. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாக ஒரு சட்டம் போட்டுத்தான் அந்தக் கோடைக்குக் கப்பல் விட முடிந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஐயா பினாங்குக்குப் போனபோதும் வழி முழுக்க விதிதான். ஐயாவின் தகரப்பெட்டி இன்னும் வளவில் இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது. மூடியில் வெள்ளை வண்ணத்தில் எங்கள் விலாசத்தின் எழுத்துகள். உள்ளே கற்பூர வாசம் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் அம்மை குத்திய சீட்டு. அந்தச் சீட்டு இல்லாதவனைக் கப்பலில் ஏற்றமாட்டான் என்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ரஜுலா கப்பல். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று தடம். ஆரம்பத்தில் ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறை கிடையாது, பாயை விரித்த இடம் அவரவர் வீடு. அந்தப் பாய்க்கு எத்தனை அடி இடம், கழிப்பறை எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்பதையெல்லாம் 1931-இல் சிம்லாவில் கூடி விதியாக எழுதினார்கள். சிம்லா விதிகள் என்றே பெயர். மலை மேல் உட்கார்ந்து கடல் பயணிக்கு இடம் அளந்திருக்கிறார்கள்! 1971-இல் வேறு உடன்படிக்கை வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் என்று ஒரு தீவு. நோய்த் தொற்று சந்தேகம் வந்தால் டெக் பயணிகளை அங்கே இறக்கி, நாள் கணக்கில் வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான் தீவு. இலங்கை போகிறவர்களுக்கு நம் மண்டபம் முகாம். ஐயா பார்த்த முதல் வெளிநாட்டுத் தீவு ஜெரஜாக்தான். எந்தப் பயணத் திட்டத்திலும் அது இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம்மூரிலும் உண்டு. இந்தியத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆளையோ சரக்கையோ கொண்டுபோகும் வேலையை 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இந்தியக் கப்பலுக்கு ஒதுக்கியது. அயல்நாட்டுக் கப்பல் செய்யவேண்டுமானால் மும்பையில் இருக்கும் கப்பல் துறைத் தலைமை இயக்குநரிடம் உரிமம் வாங்கவேண்டும். சுற்றுலாவை வளர்ப்பதற்காக 2009-இல் சொகுசுக் கப்பல்களுக்கு இதைத் தளர்த்தினார்கள். அமெரிக்காவைப்போல இங்கே பிடிவாதம் இல்லை. கரையோரக் கப்பலுக்கென்று தனிச் சட்டமே 2025-இல் வந்துவிட்டது.

இங்கே தடத்தை முடிவுசெய்வது வேறு அனுமதிகள். லட்சத்தீவு போக இந்தியனே ஆனாலும் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். 1967-ஆம் வருஷத்து விதி. தீவைச் சுற்றிப் பவளப் பாறை, உள்ளே ஆழமில்லாத கழி. பெரிய கப்பல் வெளியே மிதந்துகொண்டு, படகில் ஆளை அனுப்பும். தென்மேற்குப் பருவத்தில் அந்தப் படகும் ஓடாது. உள்ளூர் அரசுகள் மறுத்தாலும் நடு வழியில் திட்டம் மாறும்: 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலின் பயணிகளைக் கரையிறக்கப் புதுச்சேரி அனுமதிக்கவில்லை. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் தடம் ஆரம்பித்தார்கள். வெளிநாடு என்பதால் குடியேற்றச் சோதனை கூடும், மற்றபடி சுலபம். ஓர் இடைச்செருகல்: நம் பாக் நீரிணையில் ஆழம் போதாது. சென்னையிலிருந்து கொச்சி போகும் பெரிய கப்பல் எதுவானாலும் இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். அதை எந்தச் சட்டமும் மாற்றாது.

அந்தக் குறுக்கு வழியில் ஓடக்கூடிய சின்னக் கப்பல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை. 2023 அக்டோபர் 14-இல் செரியபாணி என்ற கப்பலோடு ஆரம்பித்து, வானிலையால் ஒரு வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தபோது வந்த கப்பலின் பெயர் சிவகங்கை. பாஸ்போர்ட் கொண்டுபோகவேண்டும். நம் மாவட்டப் பெயரில் கப்பல் ஓடுகிறதே என்று ஆச்சி ஒருமுறையாவது போய்வரவேண்டும் என்பேன்.

உலகத்தில் இப்போது தீவுகளே விதி போட ஆரம்பித்துவிட்டன. ஈக்வடாரின் கலாபகஸில் ஒரு கப்பலுக்கு நூறு பயணிக்கு மேல் கூடாது. போன இடத்துக்கே பதினாலு நாளுக்குள் திரும்பக் கூடாது. அதனால் அங்கே ஓடும் படகுகள் இரண்டு வார வட்டம் ஒன்றை இரண்டு மூன்று துண்டாக்கி விற்கின்றன. கிழக்குத் துண்டை வாங்கியவருக்கு மேற்குத் தீவுகள் கிடைக்காது. கிரீஸில் சாந்தோரினி நாளுக்கு எண்ணாயிரம் கப்பல் பயணிதான் என்று வரம்பு வைத்தது. 2025 கோடையிலிருந்து அங்கும் மிக்கோனோஸிலும் தலைக்கு 20 யூரோ வசூல். இத்தாலியில் 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கோர்டியா ஜிக்லியோ தீவுக்கு மிக அருகே ஓடிப் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, கடல் பூங்காக்களுக்கு இரண்டு கடல் மைலுக்குள் பெரிய கப்பல் போகக் கூடாது என்று ஆணை வந்தது. கரைக்குக் கும்பிடு போடுவதுபோல ஒட்டி ஓட்டிப்போகும் வழக்கம் அதோடு நின்றது. கிளம்புவதற்கு முன்பே உயிர்காப்பு ஒத்திகைக்கு உங்களை வரச்சொல்வார்களே, அதுவும் அந்த விபத்துக்குப் பிறகு இறுகிய விதிதான். முணுமுணுக்காமல் போய் நில்லுங்கள்.

எரிபொருள் விதி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தடத்தை நன்றாகவே சுருக்கும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. அமெரிக்கக் கரையோரம் 200 கடல் மைலுக்குள் 0.1. அது விலை கூடிய எண்ணெய். வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மிஞ்சும். வேகம் குறைந்தால் தூரத்துத் தீவு ஒன்று அட்டவணையிலிருந்து விழும். ஃபேனிங் மாதிரித் தடத்தை இன்று யாரும் யோசிக்கமாட்டார்கள்.

இனி ஆச்சி செய்யவேண்டியது. விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். என்செனாடா தொட்டுத் திரும்பும்போது நீங்கள் அமெரிக்காவுக்கு மறுபடி நுழைகிறீர்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். சின்னம்மா மகளை ஹொனலுலு நாளில் துறைமுகத்துக்கே வண்டியோடு வரச்சொல்லுங்கள், பலகாரத்தைக் கப்பலில் தேடாமல் அவர் வீட்டில் சாப்பிடலாம். ஹவாயில் பழம், விதை, பூ கொண்டுபோகக் கெடுபிடி அதிகம். கறிவேப்பிலைக் கட்டை இங்கேயே வைத்துவிடுங்கள்.

என்செனாடாவில் இறங்கினால் துறைமுகத்துக்கு அடுத்த தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடல்நீர் பீச்சியடிக்கும் லா புஃபடோரா என்ற இடத்துக்கு டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். போக வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, இருட்டிய பிறகு ஒன்றும் தெரியாது. மீன் டாக்கோ சாப்பிடலாம். அப்பச்சிக்குக் காரம் போதாது, ஊறுகாய் கையில் இருக்கட்டும். ஏழரைக்கெல்லாம் கப்பலில் ஏறும் பாலமான கேங்வேக்குத் திரும்பிவிடுங்கள்.